சங்கச் செயலாளர் பொறுப்பை இப்போது ஏற்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 36. கணவர், இரு பிள்ளைகள், மாமியார் ஆகியோருடன் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிறகு சிஎஃப்பி (சான்றிதழ் பெற்ற நிதித் திட்டமிடுநர்) தேர்வுகளை முடித்து, கடந்த மூன்று ஆண்டுகளாகப் பினாங்குத் தீவிலுள்ள ஒரு நிறுவனத்தின் கீழ் உரிமம் பெற்ற நிதித் திட்டமிடுநராக இருக்கிறேன். இப்போது எங்கள் தொழில்சார் சங்கத்தின் வட்டாரச் செயலவைக்குச் செயலாளராக வரும்படி அழைத்திருக்கிறார்கள். ஊதியம் கிடையாது, அவ்வப்போது கோலாலம்பூர் கூட்டங்களுக்கும் போக வேண்டும். "சங்கத்தில் பெயர் தெரிந்தால் வாடிக்கையாளர்கள் தேடி வருவார்கள், உடனே ஒப்புக்கொள்ளுங்கள்" என்கிறார் என் மேலாளர். "மாத வருமானமே நிலையாக இல்லை, இதில் இலவச வேலை எதற்கு?" என்கிறார் கணவர். பிறை வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்து ஓய்வு பெறும் நம் மக்களுக்குத் தமிழில் வழிகாட்ட வேண்டும் என்பது என் ஆசை. பொறுப்பை ஏற்கலாமா? — வாசகி, பட்டர்வொர்த்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

இந்தத் தவணைக்குச் செயலாளர் பொறுப்பை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்காகச் சங்கத்தை விட்டு ஒதுங்கியும் நிற்க வேண்டாம். உங்கள் கடிதத்தின் இறுதியில் ஆசை என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்களே, அந்த வேலையைச் சங்கத்தின் ஒரு துணைக்குழுப் பணியாகக் கேட்டுப் பெறுங்கள். கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. உங்கள் மேலாளர் சொல்லும் காரணத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

முதலில் வருமானத்தைப் பார்ப்போம். கணவர் சொன்ன ஒரு வரியைத் தவிர உங்கள் கடிதத்தில் இது குறித்து விவரம் இல்லை, ஆனால் முடிவு இதைப் பொறுத்தே இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒரு திட்டமிடுநருக்குப் பணம் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது: யூனிட் டிரஸ்ட் (பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிதி) முதலீட்டின்போது ஒரு முறை கிடைக்கும் விற்பனைக் கட்டணம், காப்புறுதிக்கான கமிஷன், திட்டம் வரைந்து கொடுத்து ஆண்டுதோறும் அதைச் சீர்பார்ப்பதற்கு வாடிக்கையாளர் நேரடியாகத் தரும் கட்டணம். இவற்றுள் முதல் வழி ஆண்டுக்கு ஆண்டு நலிந்து வருகிறது. ஊழியர் சேமநிதியிலிருந்து செய்யப்படும் முதலீடுகளுக்கு விற்பனைக் கட்டணத்தின் உச்சவரம்பு 3 விழுக்காடு. அதே முதலீட்டை உறுப்பினர் எவரும் இணையம் வழியாக மிகக் குறைந்த கட்டணத்தில் தாமே செய்துகொள்ளும் வசதி 2019ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆகவே, கடந்த 12 மாத வருமானத்தை எடுத்து, அடுத்த ஆண்டு புதிதாக ஒருவரையும் சேர்க்காவிட்டாலும் திரும்ப வரக்கூடிய தொகை எவ்வளவு என்று தனியே கணக்கிட்டுப் பாருங்கள். அந்தத் தொகை குடும்பச் செலவில் உங்கள் பங்கை ஈடுசெய்யுமானால், வாரத்தில் இரு மாலைப் பொழுதுகளைச் சங்கத்திற்குக் கொடுப்பதில் தவறில்லை. ஈடுசெய்யாவிட்டால், அந்த மாலைகள் இப்போதைக்கு உங்கள் வாடிக்கையாளர்களுக்கே உரியவை. மூன்றாம் ஆண்டிலேயே அது ஈடுகட்டுகிறது என்று சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவராக இருந்திருந்தால், கணவர் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

வருமானம் மட்டும்தான் தடை என்றால், ஓராண்டு பொறுத்துவிட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதி முடித்திருப்பேன். செயலாளர் பதவியின் தன்மையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் சமூகத்தில் பதவி என்றதும் மேடையும் பொன்னாடையும்தான் மனத்தில் தோன்றுகின்றன. செயலாளர் பெரும்பாலும் அந்த மேடைக்குப் பின்னால் கோப்புகளோடு இருப்பவர். கூட்ட அறிவிப்பை விதிப்படி உரிய காலத்தில் அனுப்புவதும், குறிப்புகளை எழுதி உறுதிப்படுத்தி வைப்பதும், உறுப்பினர் பட்டியலைச் சரியாக வைத்திருப்பதும், யாருக்கு வாக்குரிமை உண்டு, யாருக்கு இல்லை என்ற சச்சரவில் முதலில் இழுக்கப்படுவதும் அவருடைய பங்கு. சங்கம் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவானதென்றால், ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குச் செல்ல வேண்டும். தவறினால் பொறுப்பாளர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக (பங்குகள் இன்றி உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் இயங்குவது) பதிவானதென்றால், 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் இயக்குநர்களுக்கு விதிக்கும் கடமைகளும் சேர்ந்து வருகின்றன. அழைப்பு விடுத்தவரிடம், சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, வட்டாரச் செயலாளரின் சட்டப் பொறுப்பு எதுவரை என்ற இரண்டையும் கேளுங்கள். அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை என்றால், அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு இடிஎஸ் ரயிலில் ஒரு வழிக்கே ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகிறது; அந்தச் செலவை யார் ஏற்பார்கள், எத்தனை கூட்டங்களில் இணையம் வழி கலந்துகொள்ள முடியும் என்பதையும் வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால், தன்னார்வப் பணியே வேண்டாம் என்று நான் நினைப்பதாகக் கருதிவிடாதீர்கள். நம் தொழில் ஒரு சட்டத்தினால் பிறந்ததன்று. 1969 டிசம்பரில் சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்திற்கு அருகிலிருந்த ஒரு விடுதியில் கூடிய 13 பேர், காப்புறுதியையும் முதலீட்டு நிதிகளையும் தனித்தனியாக விற்பதை விட ஒரு குடும்பத்தின் பண நிலையை முழுமையாகப் பார்க்கத் தெரிந்த ஒருவர் தேவை என்று பேசியதிலிருந்து தொடங்கியது இது. முதல் சிஎஃப்பி பட்டதாரிகள் 1973இல் வெளிவந்தார்கள். நம் நாட்டில் மலேசிய நிதித் திட்டமிடல் சங்கம் 1999இலும், ஆர்எஃப்பி (பதிவு பெற்ற நிதித் திட்டமிடுநர்) சான்றிதழை வழங்கும் மலேசிய நிதித் திட்டமிடல் மன்றம் 2004இலும் அமைந்தன. இன்று நாம் உரிமம் பெற்று இயங்கும் மூலதனச் சந்தை மற்றும் சேவைகள் சட்டம் 2007ஆம் ஆண்டில்தான் வந்தது. உரிமமின்றித் தொழில் செய்பவருக்கு அந்தச் சட்டம் ஒரு கோடி ரிங்கிட் வரை அபராதமோ பத்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆனால், உரிமம் உள்ளவர் ஒரு விதவையிடம் அவருக்குத் தேவையில்லாத காப்புறுதியை விற்காமல் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் மட்டும் பார்த்துக்கொள்ள முடியாது. தேர்வின் தரத்தைப் பேணுவது, புதியவர்களுக்கு வழிகாட்டுவது, நெறிமுறை மீறிய சக உறுப்பினரை அழைத்து விசாரிப்பது ஆகியவை வேலை நேரத்திற்குப் பிறகு ஊதியமின்றி வந்து உட்காரும் சிலரால்தான் நடக்கின்றன. தகுதியுள்ளவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார மறுத்தால், தங்கள் பெயர் அட்டையில் அச்சிட ஒரு பட்டம் தேடுபவர்கள் அவற்றை நிரப்பிவிடுவார்கள். உங்களை முழுதாக ஒதுங்கச் சொல்ல என்னால் இயலாமல் போவதற்கு இதுவே காரணம்.

இனி மேலாளரின் யோசனைக்கு வருகிறேன். வாடிக்கையாளர்கள் தேடி வருவார்கள் என்று அவர் சொல்வது, நடைமுறையில் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். சங்க உறுப்பினர்கள் உங்கள் சக தொழிலர்கள். அவர்கள் உங்களிடம் திட்டம் வரைய வரப்போவதில்லை. ஆகவே, சங்கத்தின் தொடர்புப் பட்டியலும் நிகழ்ச்சிக்கு வருவோரின் தொலைபேசி எண்களும் கைக்கு வரும் என்று அவர் எண்ணுகிறார் போலும். ஒரு நோக்கத்திற்காகத் திரட்டிய தகவலை, உரியவரின் இசைவின்றி விற்பனைக்குப் பயன்படுத்துவது 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு மோதும்; சட்டம் இல்லாவிட்டாலும் அது நாணயமான செயலாகாது. அல்லது, சங்கத்தின் பெயரில் நீங்கள் நடத்தும் பொதுக் கூட்டங்களில் வருவோரைப் பிறகு அலுவலகத்திற்கு அழைக்கலாம் என்று எண்ணுகிறார். அப்படிச் செய்தால், கூட்டத்தில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் விற்பனைக்கான முன்னுரையாக ஆகிவிடும். வாடிக்கையாளரின் நலனையே முதலில் வைக்க வேண்டும் என்ற நம் நெறிமுறையின் முதல் கோட்பாடு, அவர் இன்னும் வாடிக்கையாளர் ஆகாதபோதும் பொருந்தும் என்றே நான் கொள்கிறேன்.

மேலாளரிடம் நேரில் வாதாட வேண்டியதில்லை. சங்கப் பணியில் பொருள்களின் பெயரைக் குறிப்பிட மாட்டேன், பெயர் அட்டை வழங்க மாட்டேன், அங்குச் சந்திக்கும் எவரையும் ஓராண்டுக்கு வாடிக்கையாளராக ஏற்க மாட்டேன் என்று அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஓராண்டு என்பது சட்டம் விதித்த கால அளவன்று, என் பரிந்துரை. சிலர் இதைக் கடுமை என்பார்கள். பினாங்கைப் போன்ற இடத்தில், ஒருவர் பேசியது மறுநாளே கோவில் வளாகம் வரை போய்விடும் சூழலில், அந்தக் கடுமை உங்களைக் காப்பாற்றும் என்று நம்புகிறேன்.

உங்கள் ஆசையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் நிபோங் திபாலிலும் வாழும் நம் தொழிலாளர் குடும்பங்களுக்கு, பணத்தைப் பற்றிய ஆலோசனை பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து கிடைத்து வந்திருக்கிறது: உறவுக்காரக் காப்புறுதி முகவர், அண்டை வீட்டார் சேர்ந்து பிடிக்கும் கூட்டு (சீட்டு), அவசரத்திற்கு வட்டி முதலை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள் என்பது இன்றும் பலருக்குத் தெரியாது. கையெழுத்தில்லாத அந்த ஏற்பாட்டில் கடைசி எண் வாங்கியவர் ஏமாந்தால் எங்கே போய் முறையிட முடியும் என்று அவர்கள் யோசிப்பதும் இல்லை. ஆனால், நம் மக்களுக்குச் சேர்ந்து சேமிக்கும் பழக்கம் புதிதன்று. பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் பறிபோய்க்கொண்டிருந்த காலத்தில், 1960இல் அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், பால்மரத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கித் தோட்டங்களுக்கே உடைமையாளர் ஆனார்கள். புரியும் மொழியில், நேரில் வந்து, கணக்கைக் காட்டிப் பேசினால் நம்பிப் பணம் போடும் மக்கள் இவர்கள். அந்த நம்பிக்கையைத்தான் இன்று விரைவில் பணம் இரட்டிப்பாகும் என்று சொல்லும் கும்பல்களும் பயன்படுத்திக்கொள்கின்றன.

துணைக்குழு நிகழ்ச்சிகளில் என்ன பேசலாம்? முதலீட்டு உத்திகள் வேண்டவே வேண்டாம். ஊழியர் சேமநிதியிலிருந்து தொடங்குங்கள். 2024 மே 11 முதல் புதிய சந்தாத் தொகை ஓய்வுக்கால, நலவாழ்வு, நெகிழ்வு என்ற மூன்று கணக்குகளாக 75, 15, 10 என்ற விழுக்காட்டில் பிரிகிறது. நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதை எல்லோரும் உடனே கற்றுக்கொண்டார்கள், எடுத்தால் 55 வயதில் என்ன குறையும் என்பதைத்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. பெருந்தொற்றுக் காலத்துச் சிறப்பு அனுமதிகளின் வழி நாடு முழுவதும் ஏறக்குறைய 145 பில்லியன் ரிங்கிட் வெளியேறியது. அந்தப் பணம் அன்று பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது என்பதை மறுக்க முடியாது, ஆகவே எடுத்தவர்களைக் குற்றம் சாட்டும் தொனி உங்கள் பேச்சில் வந்துவிடக் கூடாது. சேமநிதி வாரியம் முன்பு அடிப்படைச் சேமிப்பின் அளவுகோலாக வைத்திருந்த 240,000 ரிங்கிட் என்பது 20 ஆண்டுகளுக்கு மாதம் 1,000 ரிங்கிட்தான் என்பதை ஒரு வெண்பலகையில் எழுதிக் காட்டுங்கள். 55 வயதில் மொத்தப் பணத்தையும் எடுத்து மகள் திருமணத்திற்கும் மகன் காருக்கும் கொடுத்துவிட நினைக்கும் ஒருவர், எந்த விளக்கப்படத்தையும் விட அந்த ஒரு வகுத்தலைக் கண்டு அதிக நேரம் யோசிப்பார்.

அடுத்தது வாரிசு நியமனமும் உயிலும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சேமநிதியில் அம்மாவின் பெயரை எழுதிவிட்டு, திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் அதை மாற்றாமல் இருப்பவர்கள் ஏராளம். முஸ்லிம் அல்லாதார் திருமணத்திற்கு முன் எழுதிய உயில், 1959ஆம் ஆண்டு உயில் சட்டத்தின்படி, அந்தத் திருமணத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டதாக இல்லாவிட்டால், திருமணத்தோடு செல்லாததாகிவிடுகிறது என்பதையும் சொல்லுங்கள். கடனில் மூழ்கியவர்களை நீங்களே மீட்க முயல வேண்டாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே (கடன் ஆலோசனை, நிர்வாக முகமை) இலவசமாகவே கடன் ஆலோசனையும் தவணைச் சீரமைப்பும் செய்து தருகிறது. வங்கிகளோடு பேசும் அதிகாரம் அதற்கு உண்டு, உங்களுக்கு இல்லை. ஒருவர் முதலீட்டுத் திட்டம் என்று ஏதாவது தாளை நீட்டினால், பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியல்களைக் கைப்பேசியில் எப்படிப் பார்ப்பது என்று அவர் கையாலேயே செய்து பார்க்க வையுங்கள்.

இப்பணியில் ஒரு வரம்பை மட்டும் மறந்துவிடாதீர்கள். பொதுவாக விளக்குவது வேறு. ஒருவரின் சம்பளச் சீட்டையும் சேமநிதி அறிக்கையையும் பார்த்து இதைச் செய்யுங்கள் என்று சொல்வது வேறு. இரண்டாவது உங்கள் உரிமத்தின் கீழ் வரும் ஆலோசனை. நீங்கள் தனியாளாக உரிமம் வைத்திருக்கவில்லை, உங்கள் நிறுவனத்தின் பிரதிநிதியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் ஆலோசனை ஆலோசனைதான். ஆகவே, தனித்தனி ஆலோசனை நாள்களை நடத்துவதானால், நிறுவனத்தின் எழுத்து மூலமான இசைவும், தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி அதற்குப் பொருந்துமா என்ற தெளிவும் முன்கூட்டியே வேண்டும். கிடைக்காவிட்டால், பொது விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தப் பணி உங்கள் தொழிலுக்கும் உதவும், மேலாளர் நினைக்கும் வழியில் அல்ல. வங்கியில் ஒன்பது ஆண்டுகள் கடனுக்குத் தகுதியானவர்களை மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். இப்போது திட்டத்திற்குக் கட்டணம் தரக்கூடியவர்களைப் பார்க்கிறீர்கள். பணம் பற்றாத வீட்டின் கணக்கை எளிய தமிழில், அச்சமூட்டாமல் விளக்கப் பழகியவருக்கு, வசதியான ஒரு மருத்துவரிடம் அவருடைய மூன்றாவது வீட்டை விற்றுவிடுங்கள் என்று சொல்லும் துணிவும் சொல்நயமும் தானாக வந்துவிடும். நெறிமுறைக் குழுவிலோ செயலவையிலோ பின்னாளில் உட்காரும்போது தேவைப்படுவதும் இதே துணிவுதான்: நட்பானவரிடம், அவர் செய்தது தவறு என்று முகம் பார்த்துச் சொல்வது. இரண்டு தவணைகள் துணைக்குழுவில் இருந்தவர் செயலாளராக வந்தால், எந்த உறுப்பினர் வேலை செய்பவர், யார் புகைப்படத்திற்கு மட்டும் வருபவர் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

கணவரோடு பேசும்போது இலட்சியத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசாதீர்கள். நான் மேலே சொன்ன வருமானக் கணக்கையும், மாதத்திற்கு ஒரு சனிக்கிழமைக் காலை, ஒரு மாலை இணையக் கூட்டம் என்ற நேர வரையறையையும் அவர் முன் வையுங்கள். ஓராண்டு கழித்து இருவருமாக மீண்டும் பார்ப்போம் என்று சொல்லுங்கள். அந்தச் சனிக்கிழமையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சுமை மாமியார் மேல் தானாக விழுந்துவிடாமல், அவரையும் கேட்டு முடிவு செய்வது நல்லது.

வட்டாரத் தலைவருக்கு இந்த வாரமே எழுதிவிடுங்கள். அழைப்புக்கு நன்றி கூறி, செயலாளர் பொறுப்பை இத்தவணைக்கு ஏற்க இயலாது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கடைசிப் பத்தியில் சொன்னால், நீங்கள் தயங்குகிறீர்கள் என்று எண்ணி மீண்டும் வற்புறுத்துவார்கள். பிறகு, தமிழில் பொது நிதிக்கல்வி நடத்தும் ஒரு துணைக்குழுவை அமைத்து உங்களை அதில் சேர்க்கும்படி கேட்டு, முதல் ஆண்டில் நான்கு நிகழ்ச்சிகள் என்று எல்லையையும் குறிப்பிடுங்கள். மேலாளருக்கு எழுதச் சொன்ன மூன்று நிபந்தனைகளையும் அக்கடிதத்திலேயே சேர்த்து, அதன் நகலை உங்கள் நிறுவனத்தில் சட்ட இணக்கத்தைக் கவனிக்கும் அதிகாரிக்கு அனுப்பி, அவருடைய பதில் கைக்கு வந்த பிறகு முதல் நிகழ்ச்சிக்கு நாள் குறியுங்கள்.